அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்: மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறுவது எப்படி?

அமெரிக்காவில் எம்.டி. அல்லது டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) படிப்புக்கு, அதாவது மருத்துவராவதற்கான இரு பட்டங்களில் ஒன்றுக்கு, விண்ணப்பிக்கும் மாணவருக்கு மதிப்பெண், எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வு, கட்டுரைகள் ஆகியவை பெரும்பாலும் தம் உழைப்பைப் பொறுத்தவை. பரிந்துரைக் கடிதம் மட்டும் பிறர் கையில் இருக்கிறது. பேராசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் இத்தகைய கடிதங்களை எழுதிப் பழகியவர்கள். அவர்களிடம் கேட்டால் போதும், மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மருத்துவர்களின் நிலை அப்படி அல்ல. நல்ல மனத்தோடு சம்மதித்துவிட்டு, கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், அதை எங்கே பதிவேற்ற வேண்டும் என்று தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடும் மருத்துவர்கள் பலர். நான் விண்ணப்பித்தபோது இதை முறையாகச் சொல்லித்தர ஒருவரும் இல்லாததால், அங்குமிங்கும் விசாரித்தும் அலைந்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். தேதிகளும் கட்டணங்களும் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடியவை என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. மருத்துவரின் கடிதம் உங்களுக்குத் தேவைதானா என்று முதலில் பாருங்கள்

எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவை எதிர்பார்ப்பது அறிவியல் பேராசிரியர்கள் இருவரின் கடிதமும் அறிவியல் அல்லாத பாடப் பேராசிரியர் ஒருவரின் கடிதமும், அல்லது அவற்றுக்குப் பதிலாக நீங்கள் இளங்கலை படித்த கல்லூரியின் கமிட்டி லெட்டர், அதாவது அங்குள்ள ஆலோசனைக் குழு உங்களுக்காகச் சேர்ந்து எழுதும் கடிதம். மருத்துவரின் கடிதம் இங்கே கூடுதல் வரவு மட்டுமே. எவ்வளவு பெரிய மருத்துவர் எழுதினாலும் அது அறிவியல் பேராசிரியரின் கடிதத்துக்கு ஈடாகாது. உங்கள் கல்லூரியில் கமிட்டி லெட்டர் வழங்கும் முறை இருந்தால், அதைத் தவிர்த்துவிட்டுத் தனிக் கடிதங்களை மட்டும் அனுப்புவதற்கு விளக்கம் கேட்கும் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. ஆகவே மருத்துவரைத் தேடுவதற்கு முன்னால் இந்த அடிப்படைக் கடிதங்களுக்கு வழி செய்துவிடுங்கள்.

டி.ஓ. கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவற்றுள் பல, மருத்துவர் ஒருவரின் கடிதத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றன அல்லது வலியுறுத்திப் பரிந்துரைக்கின்றன. அந்த மருத்துவர் டி.ஓ. பட்டம் பெற்றவராக இருப்பதை விரும்புகின்றன. சில கல்லூரிகள் எம்.டி. மருத்துவரின் கடிதத்தையும் ஏற்கும், சில ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கடைசி மாதத்தில் கண்டுபிடித்தால் புதிதாக ஒரு டி.ஓ. மருத்துவரைத் தேடி, அவரோடு பழகி, கடிதம் வாங்குவதற்கு அவகாசம் இருக்காது.

எண்ணிக்கை வரம்பும் உண்டு. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் 10 கடிதங்கள் வரை சேர்க்கலாம். டி.ஓ. கல்லூரிகளுக்கான ஏகோமாஸில் 6 வரை சேர்க்கலாம். டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்கான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். அமைப்பு மூன்று தனிக் கடிதங்களையோ கமிட்டித் தொகுப்பையோ கேட்கிறது; விருப்பமிருந்தால் மேலும் ஒன்றைச் சேர்க்கலாம், மருத்துவரின் கடிதத்துக்குப் பொருத்தமான இடம் அதுதான். ஆம்காஸ் 10 வரை அனுமதிக்கிறது என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டாம். இத்தனை கடிதங்களுக்கு மேல் வேண்டாம் என்று தனியே வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு.

ஒரு விரிதாளைத் திறந்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். குறைந்தபட்சக் கடிதங்கள், அதிகபட்சக் கடிதங்கள், மருத்துவர் கடிதம் கட்டாயமா, டி.ஓ.தான் வேண்டுமா, கடிதத்தின் தேதி எவ்வளவு அண்மையில் இருக்க வேண்டும் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்.டி. கல்லூரிகளின் விவரங்கள் எம்.எஸ்.ஏ.ஆர். என்னும் சந்தா தரவுத்தளத்தில் கிடைக்கும், டி.ஓ. கல்லூரிகளுக்கு அவற்றின் சங்கம் நடத்தும் இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. இரண்டில் எதைப் பார்த்தாலும் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

2. பதவியைப் பார்க்காமல், உங்களை வேலையில் பார்த்தவரைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிக்கப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். மருத்துவரின் கடிதத்துக்கு மதிப்பைத் தருவது, நீங்கள் பொறுப்பேற்று ஏதேனும் செய்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்பதுதான்.

ஷேடோயிங்கில், அதாவது மருத்துவரின் பின்னால் சென்று அவர் வேலையைக் கவனிப்பதில், மாணவர் பெரும்பாலும் ஒரு மூலையில் நின்று பார்க்கிறார். மருத்துவர் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், “நேரந்தவறாமல் வந்தார், ஆர்வத்துடன் கவனித்தார், நல்ல கேள்விகள் கேட்டார்” என்பதற்கு மேல் அவரால் நேர்மையாக எழுத முடியாது. இத்தகைய கடிதம் தீங்கு செய்யாது, பயனும் தராது. அதற்கு மாறாக, கிளினிக்கில் ஸ்க்ரைப்பாக (மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது குறிப்புகளைத் தட்டச்சு செய்பவராக) ஓராண்டு வேலை செய்தவரைப் பற்றி மருத்துவர் இப்படி எழுத முடியும்: “ஒரு முதியவரின் மருந்துப் பட்டியலில் ஒரே மருந்து வணிகப் பெயரிலும் மூலப் பெயரிலும் இரு முறை இருந்ததை இவர் கவனித்தார். நோயாளியின் முன்னால் எதுவும் பேசாமல், அறையை விட்டு வெளியே வந்தபின் திரையைக் காட்டி என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து அவர் தட்டச்சு செய்யும் குறிப்புகளை நான் வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன்.” சேர்க்கைக் குழுவினர் தேடுவது இந்த இரண்டாம் வகைக் கடிதத்தைத்தான்; ஏனெனில் கவனம், பொறுப்பு, நோயாளியின் மீதான மரியாதை, தன் எல்லையை அறிந்திருத்தல் ஆகிய நான்கும் ஒரே நிகழ்வில் வந்துவிடுகின்றன.

எனவே நீங்கள் ஸ்க்ரைப், மெடிக்கல் அசிஸ்டென்ட், அவசர மருத்துவ உதவியாளர், இலவசக் கிளினிக் தன்னார்வலர், ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) தன்னார்வலர், மருத்துவ ஆய்வு உதவியாளர் ஆகிய பணிகளில் எதிலாவது இருந்திருந்தால், அங்கே உங்களை மேற்பார்வையிட்ட மருத்துவரே முதல் தேர்வு. ஷேடோயிங் மட்டுமே செய்திருக்கிறீர்கள் என்றால், பல மருத்துவர்களிடம் ஒவ்வொரு நாள் நிற்பதைவிட, ஒருவரிடமே பல மாதங்கள் தொடர்ந்து சென்று, மதிய இடைவேளையில் நோயாளிகளைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பழகியிருந்தால் மட்டும் கேளுங்கள்.

தவிர்க்க வேண்டியவர்களின் பட்டியலும் உண்டு. பெற்றோர், அத்தை, மாமா போன்ற உறவினர்கள் எழுதும் கடிதம் எங்கும் செல்லாது. நம் குடும்பங்களில் அப்பாவின் நண்பரோ அம்மாவின் கல்லூரித் தோழியோ மருத்துவராக இருப்பது சாதாரணம். “அங்கிளிடம் சொன்னால் உடனே எழுதித் தருவார்” என்று வீட்டில் சொல்வார்கள். அவர் கிளினிக்கில் நீங்கள் உண்மையாகவே வேலை செய்திருந்தால் ஒழிய அந்த யோசனையைப் பணிவாக மறுத்துவிடுங்கள். “சிறுவயது முதல் தெரியும்” என்று தொடங்கும் கடிதத்தைப் படிப்பவர் இரண்டாம் பத்தியைத் தாண்டமாட்டார். உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரையும் கேட்க வேண்டாம். உங்களை ஓரிரு முறை மட்டும் பார்த்த துறைத் தலைவரின் கையெழுத்து, ஓராண்டு உடனிருந்த சாதாரண மருத்துவரின் கையெழுத்துக்கு முன்னால் நிற்காது.

இடையில் நிற்பவர்கள் சிலர் உள்ளனர். ரெசிடென்ட் மருத்துவர் உங்களை மிக நன்றாக அறிந்திருக்கலாம், ஆனால் அவரும் பயிற்சியில் இருப்பவர் என்பதால் கடிதத்தின் எடை குறைகிறது. அவரை மேற்பார்வையிடும் மூத்த மருத்துவரான அட்டெண்டிங் மருத்துவர் எழுதி, ரெசிடென்டின் அவதானிப்புகளையும் அதில் சேர்த்துக்கொள்வது நல்ல வழி. மருத்துவர் பட்டம் இல்லாமல் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் நர்ஸ் ப்ராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டென்ட் ஆகியோரின் கடிதம் சிறப்பாக அமையலாம். ஆனால் மருத்துவரின் கடிதம் கட்டாயம் என்று கேட்கும் கல்லூரியில் அது கணக்கில் வராது. விடுமுறையில் வேறு நாட்டுக்குச் சென்று மருத்துவமனையில் ஷேடோயிங் செய்திருப்பவர்கள் அந்த அனுபவத்தை விண்ணப்பத்தின் பணி விவரங்களில் எழுதலாம். கடிதத்துக்கு அமெரிக்கச் சூழலில் உங்களைப் பார்த்த மருத்துவரே பொருத்தமானவர்.

3. நாட்காட்டியைப் பின்னோக்கிப் போடுங்கள்

ஆம்காஸ் விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பிக்கலாம். சரிபார்க்கப்பட்ட விண்ணப்பங்கள் ஜூன் இறுதியில் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்குகின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கல்லூரிகள் அனுப்பும் இரண்டாம் நிலை விண்ணப்பங்கள் குவியும். பெரும்பாலான கல்லூரிகள் வரும் விண்ணப்பங்களை வரிசையாகப் பரிசீலித்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவதால், தாமதத்துக்கு உண்மையான விலை உண்டு.

இங்கே பலர் குழம்பும் செய்தி ஒன்று இருக்கிறது. கடிதங்கள் வந்து சேராமலேயே விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். ஆம்காஸ் சரிபார்ப்பு கடிதங்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே கடிதம் வரட்டும் என்று விண்ணப்பத்தைப் பிடித்து வைக்காதீர்கள். ஆனால் பெரும்பாலான கல்லூரிகள், கேட்ட கடிதங்களும் எம்கேட் மதிப்பெண்ணும் இரண்டாம் நிலை விண்ணப்பமும் வந்து சேரும்வரை உங்கள் கோப்பை முழுமையானதாகக் கருதுவதில்லை. ஜூன் இறுதிக்குள் கடிதம் வந்துவிட்டால் எந்தக் கவலையும் இல்லை. ஆகஸ்டைத் தாண்டினால் நீங்களே உங்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறீர்கள்.

இதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பிப்ரவரி அல்லது மார்ச்சில் மருத்துவரைக் கேட்டு, மே நடுவில் முடித்துத் தருமாறு வேண்டுவது சரியாக இருக்கும். குறைந்தது ஆறு முதல் எட்டு வாரமாவது கொடுங்கள். நான்கு வாரத்துக்குக் குறைவாகக் கொடுப்பது அவருக்கும் நெருக்கடி, கடிதத்துக்கும் கேடு. பயிற்சி மருத்துவமனைகளில் ஜூலை 1 அன்று புதிய ரெசிடென்ட்கள் சேர்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சமயத்தில் அட்டெண்டிங் மருத்துவர்களிடம் கடிதத்தைப் பற்றி நினைவூட்டிப் பயனில்லை.

வேலையை விட்டோ ஊரை விட்டோ போகிறவர்கள், விண்ணப்பத்துக்கு இன்னும் ஓராண்டு இருந்தாலும், கிளம்புவதற்கு முன்பே கடிதத்தைக் கேட்டு வாங்கி இன்டர்ஃபோலியோ போன்ற கடிதச் சேமிப்புச் சேவையில் வைத்துவிட வேண்டும். மருத்துவர்கள் மருத்துவமனை மாறுகிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள், மின்னஞ்சல் முகவரி செயலிழந்துபோகிறது. உங்களைப் பற்றிய நினைவும் நாளாக ஆக மங்கும்.

4. நேரில் கேளுங்கள், மறுக்க இடம் கொடுத்துக் கேளுங்கள்

ஒரு நோயாளி அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடக்கும் மருத்துவரைத் தாழ்வாரத்தில் மறித்துக் கேட்பது வழக்கமாக நடப்பது. அப்போது அவர் “ஓ, தாராளமாக” என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். கிளினிக்கின் அலுவலக மேலாளரிடமோ மருத்துவரின் செயலாளரிடமோ சொல்லி, பத்து நிமிடம் நேரம் வாங்கிக்கொண்டு சந்தியுங்கள். இந்த அலுவலகப் பணியாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கடிதம் வந்து சேர்வதற்கு மருத்துவரைவிட இவரே உங்களுக்கு அதிகம் உதவப் போகிறார்.

“எனக்குக் கடிதம் எழுதித் தருவீர்களா?” என்று கேட்டால், பண்பு கருதி எல்லோரும் சம்மதிப்பார்கள். “என்னோடு பணிபுரிந்து பார்த்த அளவில், எனக்கு வலுவான, சாதகமான கடிதம் எழுத உங்களால் இயலும் என்று நினைக்கிறீர்களா? நேரம் இல்லையென்றாலும், போதிய அளவு என்னைப் பார்த்ததில்லை என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள், நான் புரிந்துகொள்வேன்” என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால், “பார்க்கலாம்” என்றோ “ஒரு சின்னக் கடிதம் வேண்டுமானால் தரலாம்” என்றோ சொன்னால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி விலகிவிடுங்கள். அரைமனத்துடன் எழுதப்பட்ட கடிதத்தைவிடக் கடிதமே இல்லாதது மேல். அந்தக் கடிதத்தை நீங்கள் பார்க்கவும் முடியாது, அனுப்பிய பின் திரும்பப் பெறவும் முடியாது.

சம்மதம் கிடைத்த அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அது ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்றாலும், சாரம் இப்படி அமையலாம்:

“மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, இன்று நேரம் ஒதுக்கி, எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. கடிதம் மே 15-க்குள் பதிவேறினால் போதுமானது. என் தன்விவரம், கட்டுரை வரைவு, நாம் சேர்ந்து பணிபுரிந்த காலத்தின் சில குறிப்புகள், பதிவேற்றும் முறை ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்துள்ளேன். மே முதல் வாரத்தில் உங்கள் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு நினைவூட்ட அனுமதி வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். நினைவூட்டுவதற்கான அனுமதியை முதலிலேயே வாங்கிவிட்டால், பிறகு அழைக்கும்போது உங்களுக்கும் கூச்சம் இருக்காது, அவருக்கும் எரிச்சல் வராது.

5. ஆவணங்களை ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுங்கள்

மருத்துவர் இரவில் நோயாளிக் குறிப்புகளை முடித்துவிட்டுக் கடிதம் எழுத உட்காரும்போது, எதையும் தேடாமல் எழுதும்படி இந்தக் கோப்பு இருக்க வேண்டும். ஆறு, ஏழு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

முதல் பக்கத்தில் கெடு தேதி, உங்கள் முழுப் பெயர் விண்ணப்பத்தில் உள்ள அதே எழுத்துகளில், ஏ.ஏ.எம்.சி. (ஆம்காஸை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம்) தரும் அடையாள எண், கடித எண் (7-ஆம் பகுதியைப் பாருங்கள்), பதிவேற்றும் முறை ஆகியவை மட்டும் இருக்கட்டும். நம் பெயர்களில் இனிஷியல் எங்கே வருகிறது என்பதே ஒரு தொல்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள், கிளினிக்கில் எல்லோரும் அழைக்கும் பெயரும் விண்ணப்பப் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

அடுத்து ஒரு பக்கத் தன்விவரமும் விண்ணப்பக் கட்டுரையின் வரைவும். கட்டுரை முடிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஏன் மருத்துவத்துக்கு வருகிறீர்கள் என்பது அவருக்குப் புரிந்தால் போதும்.

அதற்குப் பின், உங்கள் கோப்பிலேயே மிக முக்கியமான பக்கம்: அவர் நேரில் பார்த்த நான்கைந்து நிகழ்வுகளின் குறிப்பு. எப்போது, எந்தச் சூழலில், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று வரி. பாராட்டுச் சொற்களைத் தவிர்த்து நடந்ததை மட்டும் எழுதுங்கள்; மதிப்பிடுவது அவர் வேலை. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அடையாளம் காட்டும் வேறு எந்தத் தகவலும் இதில் இடம்பெறக் கூடாது. ஹிப்பா சட்டத்தின் கீழ் நோயாளியின் தகவலைக் காப்பது கடமை என்பதோடு, அந்த விவரங்கள் கடிதத்துக்குள் நுழைந்தால் உங்கள் இருவரின் நிதானத்தைப் பற்றியும் படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

கடைசியாக, கடிதம் எழுதுபவர்களுக்காக ஏ.ஏ.எம்.சி. வெளியிட்டுள்ள வழிகாட்டுக் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். இதைப் பார்த்திராத மருத்துவர்கள் ஏராளம். அதோடு ஒரு சிறு பட்டியலும் கொடுங்கள்: கடிதம் அலுவல்முறை லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும், தேதி, கையெழுத்து, பதவி, பட்டம், தொடர்பு விவரம் வேண்டும், உங்களை எவ்வளவு காலமாக, எந்த நிலையில் அறிவார் என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும், எந்தக் கல்லூரியின் பெயரையும் குறிப்பிடாமல் “சேர்க்கைக் குழுவினருக்கு” என்று பொதுவாக விளிக்க வேண்டும். நீங்கள் எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் விண்ணப்பித்தால், “எம்.டி. படிப்புக்கு மிகப் பொருத்தமானவர்” என்று ஒரு வரி வந்துவிட்டால்கூட அந்தக் கடிதம் டி.ஓ. கல்லூரியில் உறுத்தும். “மருத்துவப் படிப்புக்கு” என்று எழுதுமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுங்கள்

ஃபெர்பா என்னும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம், மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அமைப்புகள் கேட்கும். “ஆம்” என்று தேர்ந்தெடுங்கள். பார்க்கும் உரிமையை வைத்துக்கொண்ட மாணவரின் கடிதத்தைச் சேர்க்கைக் குழு முழு நம்பிக்கையுடன் படிக்காது.

7. ஒவ்வொரு அமைப்பிலும் பதிவேற்றும் முறை வேறு

ஆம்காஸில், மருத்துவரின் பெயர், பதவி, நிறுவனம், தொடர்பு விவரம் ஆகியவற்றை நீங்கள் உள்ளிட்டதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கடித எண் உருவாகும். அந்த எண்ணும் உங்கள் அடையாள எண்ணும் அச்சாகியிருக்கும் கோரிக்கைப் படிவத்தைப் பதிவிறக்கி மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அந்த எண்களைக் கொண்டு எழுதுபவர்களுக்கான தளத்தில் பிடிஎஃப்பைப் பதிவேற்றுவார். எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே ஒதுக்கலாம். விரிதாள் இங்கே உதவும். சமர்ப்பித்த பின்னும் புதிய கடிதங்களைச் சேர்க்கலாம், ஏற்கெனவே ஒதுக்கியதை நீக்க முடியாது. கடிதம் தருவாரா மாட்டாரா என்று தெரியாத மருத்துவரின் பெயரை முதலிலேயே சேர்த்துவிட்டால், சில கல்லூரிகள் வராத அந்தக் கடிதத்துக்காகவும் உங்கள் கோப்பைக் காத்திருக்க வைக்கக்கூடும். சம்மதம் உறுதியான பிறகு மட்டும் பெயரை உள்ளிடுங்கள்.

ஏகோமாஸில் நீங்கள் மருத்துவரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தவுடன் அமைப்பே அவருக்கு இணைப்பை அனுப்பும். டெக்சாஸ் அமைப்புக்குத் தனித் தளம். ஒரே மருத்துவரை மூன்று தளங்களில் மூன்று முறை பதிவேற்றச் சொல்வது அவர் பொறுமையைச் சோதிப்பதாகும். அவர் ஒரு முறை இன்டர்ஃபோலியோவில் பதிவேற்றினால், அங்கிருந்து மூன்று அமைப்புகளுக்கும் நீங்களே, உள்ளடக்கத்தைப் பார்க்காமல், அனுப்பலாம். ஏகோமாஸுக்கு அனுப்பும்போது மருத்துவரின் மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கடிதத்துக்கென இன்டர்ஃபோலியோ தரும் முகவரியைக் கொடுக்க வேண்டும். ஆம்காஸுக்கு அனுப்பும்போது கடித எண்ணைச் சரியாகப் பொருத்த வேண்டும்.

பெரிய மருத்துவமனைகளின் மின்னஞ்சல் வடிகட்டிகள், இத்தகைய தானியங்கிக் கோரிக்கைகளைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. எனக்கு எழுதிய மருத்துவர் தமக்கு எந்த இணைப்பும் வரவில்லை என்று உறுதியாகச் சொன்னார். மூன்று வாரப் பழைய கோரிக்கை, மருந்து நிறுவன விளம்பரங்களுக்கு நடுவே, தனிமைப்படுத்தப்பட்ட அஞ்சல்களின் பட்டியலில் கிடந்தது. கோரிக்கையை அனுப்பிய மறுநாளே செயலாளரை அழைத்து, அனுப்புநர் பெயரைச் சொல்லித் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி: மருத்துவர் அன்பின் மிகுதியால் கடிதத்தை உங்களுக்கே மின்னஞ்சல் செய்துவிடலாம். அதைத் திறக்காமல், நன்றி கூறி, அவரே நேரடியாகப் பதிவேற்ற வேண்டும் என்று விளக்குங்கள். நீங்கள் பதிவேற்றினால் அது இரகசியக் கடிதம் ஆகாது.

8. “நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்றால்

இதைப் பல மருத்துவர்கள் சொல்வார்கள். தீய எண்ணம் ஏதும் இல்லை, நேரம் இல்லாததுதான் காரணம். ஒப்புக்கொள்ளாதீர்கள். கடிதம் பிறருடைய மதிப்பீடு என்ற நம்பிக்கையின் மீதுதான் சேர்க்கைக் குழு அதைப் படிக்கிறது. அதோடு, உங்கள் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருப்பது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் படிப்பவர்களுக்குத் தெரியாமல் போகாது. “நான் எழுதுவது விதிமுறைக்கு ஒத்து வராது, உங்களுக்கு எளிதாக இருக்கும்படி நிகழ்வுக் குறிப்புகளை இன்னும் விரிவாகத் தருகிறேன், நீங்கள் பதினைந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து உங்கள் செயலாளரிடம் தட்டச்சு செய்யச் சொன்னாலும் போதும்” என்று மாற்று வழி காட்டுங்கள். மருத்துவர்களுக்கு வாய்மொழியாகக் குறிப்புச் சொல்லிப் பழக்கம் உண்டு என்பதால் இந்த வழியைப் பலர் விரும்பி ஏற்கிறார்கள்.

9. நினைவூட்டல்

கெடு தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மின்னஞ்சல், ஒரு வாரம் முன்பு செயலாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கெடு நாளன்று மருத்துவருக்கு இரண்டு வரிச் செய்தி. ஒவ்வொரு முறையும் பதிவேற்றும் இணைப்பையும் எண்களையும் மீண்டும் சேர்த்து அனுப்புங்கள். பழைய மின்னஞ்சலைத் தேடும் வேலையை அவருக்கு வைக்காதீர்கள். கடிதம் வந்து சேர்ந்ததா என்பதை உங்கள் விண்ணப்பக் கணக்கிலேயே பார்க்கலாம். கெடு கடந்து மூன்று வாரமாகியும் வரவில்லையென்றால், இரண்டாவது மருத்துவரிடம் பேச்சைத் தொடங்குங்கள். முதலாமவரிடம் கோபப்படுவதால் எதுவும் நடக்காது. டி.ஓ. விண்ணப்பதாரர்கள் இந்த இரண்டாம் நபரைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்திருப்பது அவசியம்.

10. செலவு

கடிதத்துக்கென ஆம்காஸோ ஏகோமாஸோ தனிக் கட்டணம் வாங்குவதில்லை. இன்டர்ஃபோலியோவின் ஆண்டுச் சந்தா ஏறத்தாழ 60 டாலர். விண்ணப்பக் கட்டணம்தான் பெரிது: ஆம்காஸில் அண்மைச் சுற்றுகளில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்குச் சற்று மேல். குடும்ப வருமானம் குறைவாக உள்ளவர்கள் ஏ.ஏ.எம்.சி.யின் கட்டண உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்தால் 20 கல்லூரிகள் வரை ஆம்காஸ் கட்டணம் தள்ளுபடியாகும், எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளமும் இலவசமாகக் கிடைக்கும். இந்த உதவியை ஆம்காஸைச் சமர்ப்பிக்கும் முன்பே பெற்றிருக்க வேண்டும். செலுத்திய பணம் பின்னர் திரும்பி வராது.

மருத்துவருக்குப் பணமோ விலையுயர்ந்த பரிசோ கொடுக்க வேண்டாம். அது அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். கையால் எழுதிய ஒரு நன்றி அட்டை போதும். செயலாளருக்கும் ஒன்று எழுதுங்கள்.

11. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு

நேர்காணல் அழைப்பு வந்தாலும், இடம் கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும் மருத்துவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். இது மரியாதைக்காக மட்டும் அன்று. அந்தச் சுற்றில் இடம் கிடைக்காமல் மறுபடி விண்ணப்பிக்க நேர்ந்தால், ஆம்காஸ் பழைய கடிதங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வதில்லை. புதிய கடித எண்ணுடன் எல்லாவற்றையும் மீண்டும் பதிவேற்ற வேண்டும், புதிய தேதியிட்ட கடிதத்தையே பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. அவ்வாறு மீண்டும் கேட்கும்போது, இடைப்பட்ட ஆண்டில் நீங்கள் செய்த பணிகளை ஒரு பக்கமாக எழுதிச் சேர்த்து, பழைய கடிதத்தின் தேதியை மட்டும் மாற்றாமல் ஒரு பத்தியாவது புதிதாக எழுதித் தருமாறு வேண்டுங்கள்.